ஹெக்டர் ஏன் வாசலுக்குள் போகவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் சேர்ந்து வாரம் ஒரு காண்டம் என்று கிரேக்கர்கள் டிராய் நகரத்தோடு நடத்திய போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டை ஆங்கிலத்தில் படித்து வந்தோம். இப்போதுதான் முடித்தோம். முடித்த அன்றே பெரிய வாக்குவாதம். என்னால் கிரேக்கப் படையின் அக்கிலீஸை வீரன் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தனக்குப் பங்காகக் கிடைத்த பெண்ணைப் படைத்தலைவனான மன்னன் அகமெம்னன் எடுத்துக்கொண்டான் என்று கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். தன் பக்கத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள், அவன் அசையவில்லை. கடைசியில் எழுந்து வருவதும் நண்பன் செத்ததற்காகத்தான். டிராயின் இளவரசன் ஹெக்டர் அப்படியில்லை. மனைவி, குழந்தை, வயதான பெற்றோர், ஊர் எல்லாவற்றையும் தோளில் சுமக்கிறான். ஊருக்காகச் சாகிறான். இந்தக் காவியத்தின் உண்மையான வீரன் அவன்தான் என்று நான் வாதாடினேன். கிரேக்கர்கள் ஏன் அக்கிலீஸைக் கொண்டாடினார்கள்? அவர்களுக்கு வீரம் என்பதே தனிமனிதப் பெருமைதானா? நம் புறநானூற்றில் இருப்பது போல ஊர், குடி, அரசன் என்ற பிணைப்பு அங்கே கிடையாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் வாக்குவாதம் மிகப் பழையது. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவே அக்கிலீஸின் நடத்தையைக் கண்டித்திருக்கிறார். தலைவனை வைகிறான், வாய்விட்டுப் புலம்புகிறான், பிணத்தை அவமதிக்கிறான், நகரைக் காக்கப்போகும் இளைஞர்கள் இந்த வரிகளைக் கேட்கக் கூடாது என்றார். அதனால் அக்கிலீஸ் மேல் உங்களுக்கு வந்த கோபத்தை நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு பக்கம் தன்னலக்காரன், மறுபக்கம் ஊருக்கு உழைப்பவன் என்று நீங்கள் போட்டிருக்கும் கோட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஹோமர் அந்தக் கோட்டைப் போடவில்லை. இருவரையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் நிறுத்தி, அது ஒருவனை எப்படி வெளியே தள்ளியது, இன்னொருவனை எப்படி உள்ளேயே நெரித்துக் கொன்றது என்று காட்டுகிறார். இலியட்டை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

அந்த ஒப்பந்தம் என்ன என்பதை அக்கிலீஸும் சொல்வதில்லை, ஹெக்டரும் சொல்வதில்லை. 12ஆம் காண்டத்தில் சார்ப்பிடான் சொல்கிறான். டிராய்க்குத் துணையாகத் தூரத்து லிசியாவிலிருந்து வந்தவன். கிரேக்கர்கள் கட்டிய மதிலைத் தாக்குவதற்கு முன் தோழன் கிளாக்கஸிடம் அவன் கேட்பது இதுதான்: நம் ஊரில் நமக்கு ஏன் முதல் இருக்கை? ஏன் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும்? ஆற்றங்கரையில் பழத்தோட்டமும் கோதுமை வயலுமாக ஏன் நமக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள்? அதனால்தான் நாம் முன்வரிசையில் நிற்க வேண்டும். நம் ஆட்கள் பார்த்து, இவர்கள் சும்மா தின்னவில்லை என்று சொல்ல வேண்டும். இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் கடமைப் பேச்சு. அவன் மேலே போகிறான். நண்பா, இந்தப் போரில் தப்பினால் மூப்பும் சாவும் இல்லாமல் இருக்கலாம் என்றால் நானும் முன்வரிசையில் நிற்கமாட்டேன், உன்னையும் அனுப்பமாட்டேன். சாவு எப்படியும் வரப்போகிறது. அதனால் போவோம்.

ஊர் கொடுக்கிறது, வீரன் உயிரைப் பணயம் வைக்கிறான். ஊர் பார்க்கிறது, அந்தப் பார்வையில்தான் அவன் யார் என்பது முடிவாகிறது. இவர்களுடைய உலகில் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் பெருமைக்கு இடமே இல்லை. பெருமை பிறர் கையில் இருக்கிறது, பலர் முன்னிலையில் வழங்கப்படுகிறது, கண்ணால் பார்க்கும்படி ஒரு பொருளாகவும் இருக்கிறது. முக்காலி என்ற மூன்று கால் வெண்கலப் பாத்திரமோ, குதிரையோ, கொடுமையாக, சிறைபிடித்த பெண்ணோ. அகமெம்னன் எடுத்துக்கொண்ட அந்தப் பெண் பிரிசேயிஸ் ஒரு மனிதப் பிறவி. அவளுடைய கணவனையும் சகோதரர்கள் மூவரையும் இந்தப் போர் கொன்றிருக்கிறது. அவளைப் பரிசுப்பொருளாக்கிய வழக்கத்தை நியாயப்படுத்த வேண்டியதே இல்லை. ஆனால் அவளை எடுத்துக்கொள்வது அந்தச் சபையில் என்ன பொருள்படும் என்று தெரியாமல் அக்கிலீஸின் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

முதல் காண்டத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அப்பல்லோ தெய்வத்தின் பூசாரி கிரைசஸ், மகளை மீட்கப் பெரும் பொருளோடு வருகிறான். வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிடலாம் என்று படை முழுக்கக் கத்துகிறது. மறுப்பவன் அகமெம்னன் ஒருவன்தான். அப்புறம் அப்பல்லோவின் கோபத்தால் ஒன்பது நாள் கொள்ளைநோய். பத்தாம் நாள் சபையைக் கூட்டுவது அக்கிலீஸ். மக்கள் சாகிறார்கள், காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்று எழுந்து நின்றவன், நீங்கள் தன்னலக்காரன் என்கிற இதே ஆள். கிரைசஸின் மகளைத் திருப்பிக் கொடுக்கிறேன், ஈடாக வேறொருத்தி வேண்டும் என்று அகமெம்னன் கேட்கும்போது அக்கிலீஸ் சொல்லும் பதில் மிக நிதானமானது. பொதுவில் இப்போது எதுவும் மிச்சமில்லை, எல்லாம் பங்கிட்டாயிற்று, கொடுத்ததை மக்களிடமிருந்து திரும்பப் பிடுங்குவது முறையில்லை. இது பொதுவழக்கின் குரல். மன்னன் அதை மீறுகிறான். சபை என்ன செய்கிறது? வாய் திறக்கவில்லை. கிழவன் நெஸ்டர் மட்டும் சமாதானம் பேசிப் பார்க்கிறான்.

என்னை மிகவும் உலுக்குவது அந்த மௌனம்தான். அக்கிலீஸ் செங்கோலைத் தரையில் எறிகிறான். நீதி சொல்பவர்கள் கையில் ஏந்தும் கோல் அது. டிராய்க்காரர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, என் மாட்டையோ குதிரையையோ ஓட்டிக்கொண்டு போனதில்லை, உனக்காகவும் உன் தம்பிக்காகவும்தான் வந்தேன் என்று அகமெம்னனிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பு வாக்கு தவறிவிட்டது, பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு யாருக்காக முன்வரிசையில் நிற்பது?

அடுத்த காண்டத்தில் தெர்சைட்டஸ் என்ற சாதாரணப் போர்வீரன் எழுந்து ஏறக்குறைய இதே குற்றச்சாட்டைச் சொல்கிறான். அக்கிலீஸ் சொன்ன ஒரு வரியை அப்படியே திருப்பியும் சொல்கிறான். அவனைக் கிரேக்க மன்னர்களில் ஒருவனான ஒடிசியஸ் செங்கோலாலேயே முதுகில் அடிக்கிறான், படை சிரிக்கிறது. யார் பேசினால் கேட்பது, யார் பேசினால் அடிப்பது என்பதும் இந்தச் சமூகத்தின் மதிப்பீடுகளில் ஒன்று. ஹோமர் அதை மறைக்கவில்லை. தெர்சைட்டஸை அவர் அழகற்றவனாகத்தான் வருணிக்கிறார், ஆனால் அவன் பேச்சை முழுதாகப் பதிவு செய்திருக்கிறார்.

அக்கிலீஸிடம் குற்றமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அவன் தவறும் இடம் 9ஆம் காண்டம். தூது வருகிறது. ஏழு முக்காலி, பத்துத் தாலந்து பொன், இருபது கொப்பரை, பன்னிரண்டு குதிரை, ஏழு ஊர், மகள்களில் ஒருத்தி என்று அகமெம்னன் வாரிக் கொடுக்கிறான். ஒடிசியஸ் அந்தப் பட்டியலை ஏறக்குறைய சொல் மாறாமல் ஒப்பிக்கிறான், ஒன்றைத் தவிர. அவன் எனக்கு அடங்கட்டும், நான் அவனைவிடப் பெரிய அரசன் என்று அகமெம்னன் கடைசியில் சொன்னதை விட்டுவிடுகிறான். மனதில் ஒன்றை வைத்து வாயில் ஒன்றைச் சொல்பவனை மரண வாசலைப் போல வெறுக்கிறேன் என்பதுதான் அக்கிலீஸின் பதில். மாடும் ஆடும் கொள்ளையில் கிடைக்கும், முக்காலியை வாங்கிக்கொள்ளலாம், பல்வரிசையைத் தாண்டிப் போன உயிர் திரும்பாது என்கிறான். சார்ப்பிடான் ஏற்றுக்கொண்ட கணக்கை இவன் ஏற்கவில்லை. உயிருக்கு ஈடாக ஊர் கொடுக்கக்கூடிய பொருள் எதுவுமே இல்லை என்று அந்த உலகத்துக்குள் இருந்துகொண்டே சொன்னவன் அவன்.

அதே கூடாரத்தில், தூது வந்த இன்னொரு வீரன் அஜாக்ஸ் பேசுவது மிகக் கொஞ்சம். பொருளைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாங்கள் உன்னை எப்படி நேசித்தோம், அந்த நேசத்தை நீ நினைக்கவில்லையே என்கிறான். தம்பியைக் கொன்றவனிடமும் மகனைக் கொன்றவனிடமும்கூட ஈட்டுப்பொருள் வாங்கிக்கொண்டு ஆறுகிறார்கள், கொன்றவனும் அதே ஊரில் வாழ்கிறான், உனக்கு ஒரு பெண்ணுக்காக இவ்வளவா? அக்கிலீஸை அசைத்தது இந்தப் பேச்சுதான். ஒடிசியஸிடம் நாளைக்கே கப்பலேறுவேன் என்றவன், வளர்த்த கிழவன் பீனிக்ஸிடம் காலையில் யோசிப்போம் என்றவன், அஜாக்ஸிடம் ஹெக்டர் என் கப்பல்கள்வரை வந்தால் போரிடுவேன் என்கிறான். நீ சொல்வதெல்லாம் சரி, ஆனால் அவன் என்னை மதிப்பற்ற வந்தேறி போல நடத்தியதை நினைத்தால் நெஞ்சு பொங்குகிறது என்கிறான். மன்னனின் குற்றத்துக்காகத் தோழர்களைத் தண்டிக்கிறான். உங்கள் கோபம் இங்கே முழுக்க நியாயம். ஹெக்டரின் கையில் நண்பன் பட்ரோக்ளஸ் சாகிறான், அதுதான் அதற்கு அவன் கொடுக்கும் விலை. பூமிக்கு வீண் பாரமாகக் கப்பலடியில் உட்கார்ந்திருந்தேன் என்று தாயிடம் அவனே சொல்கிறான்.

சரி, ஹெக்டருக்கு வருவோம்.

6ஆம் காண்டத்தில் மனைவி ஆந்த்ரோமாக்கி அவனிடம் அழுவதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு நீதான் தந்தை, தாய், சகோதரன், கணவன் என்கிறாள். அவள் ஒரு போர் யோசனையும் சொல்கிறாள் என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. படையைக் காட்டு அத்திமரத்தருகே நிறுத்து, மதில் அங்கேதான் ஏற எளிது, எதிரிகள் மூன்று முறை அங்கே முயன்றுவிட்டார்கள். மதிலிலிருந்து காவல் செய் என்பதுதான் இதன் சாரம். ஹெக்டரின் பதில்: கோழையைப் போல ஒதுங்கினால் டிராயின் ஆண்கள் முன்னாலும் நீள உடையணிந்த பெண்கள் முன்னாலும் எனக்கு வெட்கம். அடுத்த மூச்சிலேயே, இந்த நகரம் ஒருநாள் அழியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்கிறான். தெரிந்தும் போகிறான்.

18ஆம் காண்டத்தில் டிராய்ப் படையின் பாலிடாமஸ் பேசுகிறான். ஹெக்டர் பிறந்த அதே இரவில் பிறந்தவன். ஒருவன் ஈட்டியில் வல்லவன், மற்றவன் சொல்லில் வல்லவன். அக்கிலீஸ் எழுந்துவிட்டான், இரவோடு இரவாக நகருக்குள் போய்விடுவோம், மதில் நம்மைக் காக்கும் என்கிறான். ஹெக்டர் அதட்டி உட்கார வைக்கிறான். படை ஹெக்டருக்கு ஆரவாரம் செய்கிறது. ஹோமர் சாதாரணமாகத் தீர்ப்புச் சொல்பவர் இல்லை. இங்கே சொல்கிறார்: முட்டாள்கள், கெட்ட யோசனையைப் புகழ்ந்தார்கள், நல்லதைச் சொன்னவனை ஒருவரும் புகழவில்லை.

விடிகிறது. டிராயின் படை அடிபட்டு ஓடி வாசலுக்குள் புகுகிறது. வெளியே ஹெக்டர் மட்டும். மதில்மேலிருந்து தந்தை பிரியம் நரைத்த தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு கெஞ்சுகிறார். உள்ளே வா, டிராயின் ஆண்களையும் பெண்களையும் காப்பாற்ற வா என்கிறார். தாய் ஹெக்குபா மார்பைத் திறந்துகாட்டி அழைக்கிறாள். ஊருக்காக வாழ்பவன் அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், உள்ளே போவது. அவன் உயிரோடு இருந்தால் நகரம் நிற்கும். ஹெக்டர் தனக்குள் என்ன பேசிக்கொள்கிறான் தெரியுமா? உள்ளே போனால் பாலிடாமஸ் முதலில் குத்திக்காட்டுவான். என் பிடிவாதத்தால் மக்களை அழித்துவிட்டேன். டிராயின் ஆண்கள் முன்னாலும் நீள உடையணிந்த பெண்கள் முன்னாலும் எனக்கு வெட்கம். என்னைவிடத் தாழ்ந்த எவனோ ஒருவன், ஹெக்டர் தன் பலத்தை நம்பி மக்களைக் கெடுத்தான் என்று சொல்வானே.

ஆந்த்ரோமாக்கியிடம் சொன்ன அதே வரி, மூலத்தில் சொல்லுக்குச் சொல் அதே வரி. அன்றைக்கு அது அவனை வாசலுக்கு வெளியே அனுப்பியது. இன்றைக்கு உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. ஊரின் பார்வைக்குப் பயந்து ஊரைக் கைவிடுகிறான். அப்புறம் அக்கிலீஸ் நெருங்கி வந்ததும் அவன் நடுங்கி ஓடுகிறான். மூன்று முறை மதிலைச் சுற்றி. நமக்குப் பிடித்த வீரனை இவ்வளவு அருகிலிருந்து காட்டுவதற்கு ஒரு கவிஞனுக்கு எவ்வளவு அன்பு வேண்டும் என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். ஹெக்டரை எனக்கும் பிடிக்கும். அவன் ஊருக்காகச் செத்தான் என்று நீங்கள் எழுதியதை மட்டும்தான் ஏற்க முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகச் செத்தான். அந்த இரண்டும் ஒன்றில்லை என்பதை ஹோமரைவிடக் கடுமையாகக் காட்டியவர்கள் குறைவு.

கிரேக்கர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அக்கிலீஸுக்கு வழிபாட்டிடங்கள் இருந்தன, அலெக்சாந்தர் டிராய்க்குப் போய் அவன் கல்லறைக்கு மரியாதை செய்தார், எல்லாம் உண்மை. ஆனால் இலியட் என்ற கவிதை எங்கே முடிகிறது என்று பாருங்கள். மரக்குதிரை இதில் இல்லை. டிராய் விழுவதும் இல்லை. அக்கிலீஸின் சாவும் இல்லை. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளில் கடைசி வரி, எதிரியான ஹெக்டரின் ஈமச்சடங்கு முடிந்தது என்பது.

அந்த முடிவுக்கு முன் 23ஆம் காண்டத்தில் பட்ரோக்ளஸின் ஈமவிளையாட்டு. பலர் இதை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். தேரோட்டத்தில் பரிசுக்குச் சண்டை வருகிறது. இரண்டாம் பரிசான குதிரையை, கடைசியில் வந்த யுமிலஸுக்கு இரக்கப்பட்டுக் கொடுத்துவிட அக்கிலீஸ் நினைக்கிறான். இளைஞன் ஆன்டிலோக்கஸ் எகிறுகிறான்: என் பரிசைப் பிடுங்கப் பார்க்கிறாய், தரமாட்டேன், வேண்டுமென்றால் சண்டைக்கு வா. முதல் காண்டத்துச் சண்டையேதான், இப்போது அகமெம்னனின் இடத்தில் அக்கிலீஸ் நிற்கிறான். அவன் புன்னகை செய்கிறான். காவியத்தில் அவன் புன்னகைப்பது இங்கேதான். குதிரையை ஆன்டிலோக்கஸிடமே விட்டுவிட்டு, யுமிலஸுக்குத் தன் கூடாரத்திலிருந்து ஒரு மார்புக்கவசத்தை எடுத்துக் கொடுக்கிறான். அகமெம்னன் அன்று இதைச் செய்திருந்தால் இலியட்டே இல்லை. நீங்கள் சமூகத்தைத் தேடிய இடம் போர்க்களம். எனக்கு அது இந்த மைதானத்தில் கிடைக்கிறது.

பிறகு பிரியம் எதிரிப் பாசறைக்குள் வந்து, மகன்களைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப் பார் என்கிறார். இருவரும் அழுகிறார்கள். வயதான தந்தையைக் கவனிக்காமல், உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் துன்பம் கொடுத்தபடி டிராயில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறான் அக்கிலீஸ். எந்த ஊரும் கைதட்டாத செயல் அது. மன்னனையோ படையையோ கேட்காமல் ஹெக்டரின் உடலைக் கொடுக்கிறான், சடங்குக்காகப் பதினொரு நாள் போரை நிறுத்துவதாகவும் வாக்குக் கொடுக்கிறான். டிராயில் ஹெக்டருக்காகக் கடைசியாக ஒப்பாரி வைப்பவள், இந்தப் போருக்கே காரணம் என்று ஏசப்பட்ட ஹெலன். எல்லோரும் வெறுத்த என்னை நீ ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, மற்றவர்கள் ஏசினால் தடுத்தாய் என்கிறாள். ஹெக்டரை நான் நேசிப்பது இதற்காகத்தான். ஊர் முகம் சுளித்த ஒருத்திக்கு ஊரை எதிர்த்து நிழல் கொடுத்திருக்கிறான்.

புறநானூறு பற்றிக் கேட்டீர்கள். இந்த ஒப்பீட்டை விரிவாகச் செய்தவர் க. கைலாசபதி. பர்மிங்காமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை வீரநிலைக் கவிதையாக அணுகிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. உங்கள் குழு அடுத்ததாக அதை எடுத்துக்கொள்ளலாம். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சார்ப்பிடானின் பேச்சைக் கேட்டதும் நமக்குச் செஞ்சோற்றுக்கடன் ஞாபகம் வரும். ஆனால் அவன் கடன்பட்டிருப்பது தனக்கு மேலுள்ள ஒரு தலைவனிடம் இல்லை, தனக்குக் கீழுள்ள லிசியா மக்களிடம். சோறு போட்டவர்கள் குடிகள். அந்த வேறுபாட்டிலிருந்து தொடங்கினால் ஒப்பீடு நன்றாக விரியும்.

அடுத்து, ஒடிசியஸ் ஊர் திரும்புவதைப் பாடும் ஹோமரின் ஒடிசி படிக்கப்போகிறீர்கள் என்றால் 24ஆம் காண்டத்தில் யுபெய்த்தஸ் பேசும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒடிசியஸ் கொன்றுபோட்ட அன்டினோவஸின் தந்தை அவர். ஒடிசியஸின் ஊரான இத்தாக்காவின் சபையில் அழுதுகொண்டே கேட்கிறார்: இந்த ஆள் நம் கப்பல்களையும் நல்ல ஆட்களையும் கூட்டிக்கொண்டு போனான், எல்லாவற்றையும் தொலைத்தான், திரும்பி வந்து மிச்சமிருந்த சிறந்தவர்களையும் கொன்றான், இவனை என்ன செய்யப்போகிறோம்? போனவை பன்னிரண்டு கப்பல்கள், திரும்பியவன் ஒடிசியஸ் ஒருவன். ஊரில் ஒரு பகுதி ஆயுதம் எடுக்கிறது. அதீனா தெய்வம் வந்து தடுத்துதான் சண்டை நிற்கிறது. அந்தத் தகப்பனின் கேள்விக்கு ஒடிசியஸ் பதில் சொன்னதாக ஹோமர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் கேட்டது நியாயமா என்று உங்கள் குழுவில் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.